நீளும் கிராங்க்

காலை ஏழு மணி.

மனைவி பட்டறையின் ஷட்டரைத் தூக்கிவிட, ஊன்றுகோலோடு உள்ளே நுழைந்த பெரியவர் சோதனை சைக்கிளைப் பார்த்தார். வேறு எதையும் பார்க்கவில்லை. பார்த்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு... எல்லாம் போச்சு."

ஸ்டாண்டில் சைக்கிள் இருந்தது. சக்கரம் இருந்தது, செயின் இருந்தது. ஏழு வருடமாக அவர் உருவாக்கிய, பெடலைத் தாங்கும் புது கிராங்க் தண்டு மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில், கடையில் விற்கிற சாதாரண பழைய கிராங்க் ஒன்று எதுவுமே நடக்காதது போல் மாட்டியிருந்தது. பத்து மணிக்கு சைக்கிள் கம்பெனிக்காரர்கள் வரப்போகிறார்கள், ஓட்டிப் பார்க்கத் தங்கள் ஆளையும் கூட்டிக்கொண்டு!

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டரம்மா வந்தார். அவருக்குத் தீராத மூட்டு வலி. அந்த வலியாவது மாத்திரைக்கு அடங்கும், அவர் வாய் எதற்கும் அடங்காது.

"காணாமப் போனது என்ன, தங்கமா?"

"இரும்புதாம்மா," என்றார் பெரியவர்.

"இரும்புக்காகவா என்னைப் படியேற வச்சீங்க?"

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. வெறும் கையால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினார்.

"சாதாரண கிராங்க் எப்பவும் ஒரே நீளம்மா. என்னோடது, கால் கீழே அழுத்துறப்ப ரெண்டு விரல் நீளும். மேலே வர்றப்ப சுருங்கிக்கும். ஸ்பானர் நீளமா இருந்தா போல்ட் லேசாத் திரும்புதில்ல? அந்த மாதிரி மிதிக்கிறதும் லேசாயிடும்."

"நீங்க மிதிச்சுப் பார்த்தீங்களா?"

அவர் தன் இடது காலைப் பார்த்துச் சிரித்தார். சூம்பிய கால். "ரெண்டு வயசுல காய்ச்சல்ல போச்சு. என் ஜென்மத்துல ஒரு சுத்துகூட மிதிச்சதில்ல. தம்பிதான் மிதிப்பான். மூளை என்னோடது, கால் அவனோடது. என்னை மாதிரி ஆளுங்களும் ஒருநாள் மிதிக்கணும்னுதான்..." சூம்பிய காலை உள்ளங்கையால் தடவினார்.

பக்கத்தில் நின்ற தம்பி அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டான். முப்பது வயது, தேக்குக் கட்டை போலத் தொடை. கண் சிவந்திருந்தது.

"கம்பெனிக்காரங்களுக்கு போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிடவாண்ணா?"

"இருடா. கிடைச்சிடும்."

இன்ஸ்பெக்டரம்மா முனகிக்கொண்டே சைக்கிளின் முன் குனிந்தார். பூட்டு உடையவில்லை. கிராங்கைக் கழற்றும் கருவி பலகையில் அதன் இடத்திலேயே இருந்தது. சீட்டைத் தாங்கும் குழாய் முழுக்க இரும்புத் தூசி. ஆனால் அதன் அடிப்பக்கம், சட்டத்துக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று மேலே, வளையம் போல ஒரு பகுதி மட்டும் தூசியில்லாமல் கிரீஸோடு மினுங்கியது. விரலால் தொட்டுப் பார்த்தார். விரலைச் சுவரில் துடைத்தார்.

"கடைசியா எப்போ கிராங்க் மாத்தினீங்க?"

"ஒரு மாசம் இருக்கும். அதுலேர்ந்து என்னோடதுதான் மாட்டியிருந்தது," என்றார் பெரியவர்.

பட்டறையில் இரும்பைக் கடைந்து கொடுக்கும் லேத்காரர் வந்து சேர்ந்தார். வரும்போதே முறைப்பு.

"உங்களுக்கும் இவருக்கும் ஏதோ தகராறாமே?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"ஆமா. ஏழு வருஷமா கடைஞ்சு குடுத்தது நான். என் பேரையும் போடச் சொன்னேன். தப்பா?"

"சாவி?"

"எங்கிட்ட ஒண்ணு. இவங்க சமையலறை ஆணியில ஒண்ணு."

"கிராங்க் மாத்துறது யாரு?"

"பெரும்பாலும் நான். நான் இல்லாதப்ப தம்பி. சீட்டு பக்கம் மட்டும் போக மாட்டேன். தொட்டுட்டா தம்பி வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரு. ஒருதரம் என் மச்சானை உட்கார வச்சு மிதிக்கச் சொல்லிப் பார்க்கலாம்னேன். அதுக்கே ரெண்டு நாள் பேசல."

"அப்போ திருடினது நீங்க இல்ல?"

"எடுத்திருந்தா பதிலுக்குப் பழசை மாட்டி, துடைச்சு வச்சுட்டா போவேன்? எனக்கென்ன பைத்தியமா?"

நியாயமான கேள்விதான். இன்ஸ்பெக்டரம்மா அதைப் பத்திரமாக மனதில் போட்டுக்கொண்டு, தண்ணீர் கேட்கிற சாக்கில் சமையலறைக்குப் போனார். சாவி ஆணியில் தொங்கியது. பின்கட்டில் கொடி நிறையத் துண்டுகள்.

"ரெண்டே ரெண்டு ஆம்பளைங்க இருக்கிற வீட்டுல இத்தனை துண்டா?"

"தம்பிக்குத்தான்," என்றார் பெரியவரின் மனைவி. "நாள் நெருங்குதுன்னு இந்த வாரம் ஓயாம மிதிச்சாரு. புது கிராங்கை மிதிச்சா ரெண்டு துண்டு நனையும், ஒரு குடம் தண்ணி குடிப்பாரு. முன்னே பழசை மிதிச்சப்போல்லாம் முகத்தைக்கூடத் துடைக்க மாட்டாரு. நேத்து ராத்திரி சோறும் இறங்கல. பாவம், அண்ணன்னா அவருக்கு உயிரு."

தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரம்மா சிறிது நேரம் கொடியையே பார்த்தார். குடிக்காமலே திரும்பி வந்தார்.

மணி ஒன்பது.

"தம்பி, கொஞ்சம் சீட்ல ஏறி உட்காருங்க."

ஏறினான்.

"பெடலைக் கீழே கொண்டு போங்க. கால் எட்டுதா? உங்க அளவு சரியா இருக்கா?"

"கச்சிதமா இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முகம் வெளுத்தது.

"கச்சிதமாத்தான் இருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. இந்த முறை குரலில் குத்தல் இல்லை. "நீள கிராங்க் மாட்டினா பெடல் கீழே போகும், சீட்டை இறக்கணும். பழசை மாட்டினா சீட்டை ஏத்தணும். ஒரு மாசமா இறங்கியிருந்த சீட்டு நேத்து ஏறியிருக்கு, உள்ளே இருந்த குழாய் கிரீஸோட வெளியே வந்திருக்கு. திருட வந்தவனுக்கு சீட்டு உயரம் எதுக்கு? லேத்காரர் சீட்டைத் தொட மாட்டார். அண்ணனுக்கு அந்த அளவே தெரியாது. ஒண்ணைக் கழட்டினா இன்னொண்ணை மாட்டி, சீட்டைச் சரி பண்றது உங்க கைக்குப் பழக்கம். நீங்க வேண்டாம்னாலும் கை பண்ணிடுச்சு."

"உளறாதீங்க!" பெரியவர் ஊன்றுகோலைத் தரையில் அடித்தார். "அவன் எதுக்கு எடுக்கணும்? அவன் கால்தாம்மா அதை ஜெயிக்க வச்சுது! ஒவ்வொரு சோதனையிலும் பழசைவிட அதிகச் சுத்து!"

"ஆமாங்கய்யா. அவர் கால்தான் ஜெயிக்க வச்சுது. மிதிக்கிறது லேசானா, அதே வியர்வைக்கு அதிகச் சுத்து வரணும். இங்கே அதிகச் சுத்துக்கு அதிக வியர்வை வந்திருக்கு. பழசுக்கு முகம்கூட நனையல, புதுசுக்கு ரெண்டு துண்டு. அந்தக் கிராங்க் எதையும் லேசாக்கல. இன்னைக்கு வேற ஒருத்தன் ஏறி மிதிச்சா அது பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும்."

தம்பி சீட்டிலிருந்து இறங்காமலே அழ ஆரம்பித்தான்.

"முதல் நாள் நீ என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னேண்ணா. சின்னப் பிள்ளை மாதிரி நின்ன. லேசா இருக்குன்னு சொல்லிட்டேன். நீ சிரிச்ச. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? பழசுல சோம்பேறியா மிதிச்சேன், புதுசுல உயிரைக் குடுத்து மிதிச்சேன். ஊர் முன்னால நீ அவமானப்படக்கூடாதுன்னுதான் நேத்து ராத்திரி அதைப் பாலத்துலேர்ந்து ஆத்துல தூக்கிப் போட்டுட்டேன்."

"முதல் நாளேவா?" என்றார் பெரியவர்.

தம்பி தலையைக் குனிந்தான்.

"அன்னைக்கே கனமா இருக்குன்னு சொல்லியிருந்தா, அன்னைக்கே அதைத் தூக்கி எறிஞ்சிருப்பேனேடா. வேற ஒண்ணு யோசிச்சிருப்பேன். அதுவும் தப்புன்னா இன்னொண்ணு. ஏழு வருஷம்டா! எனக்குன்னு கால் இல்ல, உன் காலைத்தானே நம்பினேன்?" அவர் குரல் உடைந்தது. "இரும்பு போனா போகட்டும். என் ஏழு வருஷத்தை எங்கேடா கொண்டுபோய்ப் போட்ட?"

லேத்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காரணமே இல்லாமல் லேத்தைத் துடைத்தார்.

இன்ஸ்பெக்டரம்மா தொண்டையைச் செருமினார். "புகார் வேணுமாய்யா?"

"வேண்டாம்மா. கம்பெனிக்காரங்க வரட்டும். திருட்டுப் போச்சுன்னு சொல்ல மாட்டேன். அது ஓடலைன்னு நானே சொல்லிக்கிறேன்."

எழுந்திருக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. தாங்க வந்த தம்பியின் கையைத் தள்ளிவிட்டார். தானே ஊன்றி வந்து, சைக்கிளின் பக்கத்தில் நின்றார்.

"மிதி."

"அண்ணா..."

"மிதிடா. பழசுதானே மாட்டியிருக்கு? முழுசா மிதி. இந்தத் தடவையாவது உள்ளதைச் சொல்லு."

இன்ஸ்பெக்டரம்மா ஒவ்வொரு படியாக இறங்கினார். பின்னால் செயின் சுற்ற ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது. கடைசிப் படியில் கால் வைத்தபோது தம்பியின் குரல் கேட்டது.

"கனமா இருக்குண்ணா."

"சுத்துல எந்த இடத்துல?" என்றார் பெரியவர், அழுதுகொண்டே.