விசிலுக்கு அடியில் இருந்த சத்தம்

விசில் நின்ற பிறகும் அந்த மோட்டார் அமைதியாகவில்லை.

அரியலூருக்கு வெளியே இருந்த அந்த சிமெண்ட் ஆலையில், பெரிய விசிறியின் மோட்டாருக்கு 2002-ல், வேகத்தைக் கூட்டிக் குறைக்க இன்வெர்ட்டர் வைத்தார்கள். அன்று பிடித்த விசில், மண்டையைக் குடையும் விசில். ஆட்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள். பராமரிப்புக்காக ஆலை முழுவதும் நின்றிருந்த ஒரு மத்தியானத்தில், எலக்ட்ரீஷியன் வைரக்கண்ணு விசிறியை மட்டும் ஓட்டிப் பார்த்து, இன்வெர்ட்டர் கரண்டை வெட்டி வெட்டி அனுப்பும் வேகத்தை நான்கு மடங்காக்கினான். விசில் காதுக்கு எட்டாத உயரத்துக்கு ஏறி அடங்கிப்போக, சுண்ணாம்புத் தூசியும் சூடேறிய வார்னிஷ் வாடையும் நிறைந்த அந்தக் கூடத்தில் வேறொன்று கேட்டது. மூன்று தட்டு. ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடி மூன்று.

பேரிங்காக இருக்கும் என்று நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை அதில் ஊன்றி, கட்டைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். பேரிங் சுத்தமாக ஓடியது. மோட்டார் சுற்றும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தான். மோட்டாரின் கோளாறு என்றால் சத்தமும் கூடவே குறைய வேண்டும். குறையவில்லை. இருபது வருஷம் கரண்டில் கைவைத்தவனுக்கு இதென்ன பயம் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு துடைப்பத்தைக் கீழே போட்டாள். போன வருஷம், இன்வெர்ட்டர் வைக்கும் முன்னால் இந்த மோட்டாருக்குப் புது அஸ்திவாரம் போட்ட வாரத்தில்தான் அவள் புருஷன் கருப்பண்ணன் நைட் ஷிப்ட்டுக்கு வந்தவன் வீடு திரும்பவில்லை. ஓடிப்போய்விட்டான் என்று ஆபீசில் எழுதி வைத்தார்கள். அவள் நம்பவில்லை. அடுத்த மாதமே இங்கே வேலைக்குச் சேர்ந்து, இந்தக் கூடத்தையே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"நிறுத்துங்கண்ணே," என்றாள்.

அவன் கை ஸ்விட்சுக்குப் போவதற்குள் இன்ஜினியர் திருமுருகன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"பழையபடி வைய்யா. யாரு ஒன்னைய மாத்தச் சொன்னா?"

அது என்ன சத்தம் என்று அவர் கேட்கவில்லை. அதுதான் வைரக்கண்ணுவை உலுக்கியது.

"வைக்க மாட்டேன் சார்."

"வேலை போயிரும்."

"போவட்டுங்க. இத மூடி மறைக்க என் கை வராது."

மெயினை இறக்கிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டான். விசிறி வெகுநேரம் சுழன்று ஓய்ந்தது. கரண்ட் இல்லை. காற்று இல்லை. எதுவும் அசையவில்லை.

தட். தட். தட்.

அம்மாக்கண்ணு குந்தி, மோட்டாருக்குக் கீழே இருந்த கான்கிரீட்டில் காதை வைத்தாள்.

"ஓடிட்டாருன்னு எழுதுனீங்களே சார்," என்றாள், திரும்பிப் பார்க்காமலே. ஸ்க்ரூடிரைவரை வாங்கி மூன்று தட்டு தட்டினாள்.

சத்தம் நின்றது. பிறகு பதில் வந்தது. வேகமாக. அவசரமாக.

வைரக்கண்ணு ஓடவில்லை. மண்டியிட்டு, அவள் பக்கத்தில் தன் காதையும் வைத்தான். கான்கிரீட் வெதுவெதுப்பாக இருந்தது.

அடுத்த மோட்டாரின் அஸ்திவாரத்திலிருந்து மூன்று.

சூளைத் தூணிலிருந்து மூன்று.

சுவர் ஓரம். படிக்கட்டு. தரை முழுக்க.

திருமுருகன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். அதை ஊன்ற அவருக்கு இடம் கிடைக்கவில்லை.