இறந்த பின் கூடிய எடை

செவ்வாய், காலை ஏழு மணி.

ட்ரெமெய்ன் ஓகில்ட்ரீ உட்கார்ந்தபடியே இறந்திருந்தான். உடைமாற்றும் அறையின் மரப்பலகையில், முதுகைச் சுவரில் சாய்த்து, ஒரு காலணியின் கயிற்றைக் கட்டி முடித்து, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு. யாரோ கூப்பிட்டதற்கு நிமிர்ந்து பார்த்தவன் போலிருந்தது முகம். காலடியில் காலியான தண்ணீர்க் கேன்கள்.

உண்மையில் கூப்பிடத்தான் செய்தார்கள். வெளியே ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தவருக்கு உள்ளே நடந்தது தெரியாது. அன்று ஓடவேண்டியவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். ஆஷ்பி கல்லூரி மைதானத்தைக் கடந்து ட்ரெமெய்னின் பெயர் போய், எதிர்ப்புறக் காலிப் படிகளில் மோதித் திரும்பி வந்தது.

ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட். பந்தைக் கையிலேந்தி முட்டி மோதும் ஃபுட்பாலின் தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் நாள். அதற்கு முன் அணிகளின் ஸ்கவுட்டுகள் கல்லூரி கல்லூரியாகப் போய், பையன்களை எடைபோட்டு, அளந்து, ஓடவிட்டுப் பார்ப்பார்கள். ஆஷ்பிக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்திருந்தார்கள். புல்லோரம் ஸ்டாப்வாட்ச்சுகளோடு நின்றவர்கள், ஷெரிஃப் அலுவலக வண்டி வந்ததும் தொப்பியைக் கழற்றினார்கள்.

வண்டியிலிருந்து இறங்கியவள் லூரீன் டேக்கெட். இந்த மாவட்டத்தின் ஒரே துப்பறிவாளர். இதே ஊரில் வளர்ந்தவள்.

"முதல்ல பார்த்தது யாரு?"

"நான்தான்," என்றார் பயிற்சியாளர் ராய்ஸ் பெட்வே. பெரிய மனிதர். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"எப்ப உள்ள வந்தான்?"

"விடியறதுக்கு முன்னாடியே. சாவி அவன்கிட்ட குடுத்திருந்தேன். கூட ஆடற ஜாரியஸும் வந்தான்."

"இத்தனை தண்ணி எதுக்கு கோச்?"

பெட்வே தரையைப் பார்த்தார். "எடைக்கு. அவன் ஆடற இடத்துக்கு 235 பவுண்டாவது இருக்கணும்னு ஸ்கவுட்டுங்க எதிர்பார்ப்பாங்க. கொஞ்சம் கொறைஞ்சா பசங்க தண்ணிய ஊத்திக்கிட்டு ஏறி நிப்பாங்க. எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். நான் கண்டுக்கறதில்ல."

"அப்புறம் ஓடணுமே?"

"அதுதான் கஷ்டம். வயித்துல தண்ணியோட எவன் ஓடுவான்? அளவாக் குடிக்கணும். ட்ரெமெய்ன் விவரமான பையன்."

உடற்பயிற்சிக் கூடத்தின் நடுவில் அந்த எடை இயந்திரம் நின்றது. ஏறி நின்று, கம்பியில் இரும்புக் கட்டியை நகர்த்தி, கம்பி நேராக நிற்கும்போது எண்ணைப் படிக்கும் பழைய வகை. பச்சை வர்ணம். ஸ்கவுட்டுகள் பேட்டரியில் ஓடும் எதையும் நம்புவதில்லை. இதைக்கூட, கூடத்தில் கிடக்கும் இரும்புத் தட்டுகளை அடுக்கிச் சோதித்த பிறகே பையன்களை ஏற்றுவார்கள்.

"இன்னிக்கு சோதிச்சாங்களா?"

"இல்ல. நான் கத்தினதும் எல்லாரும் உடைமாத்தற அறைக்கு ஓடி வந்துட்டாங்க. ஹோலிஸ் மட்டும் ஸ்கவுட்டுங்களுக்குக் கொண்டுவந்த பிஸ்கட் பெட்டியக் கையில வச்சுக்கிட்டு இங்கயே நின்னுட்டாரு. பாவம், வயசானவரு."

ஹோலிஸ் ஃபான்ச்சர் வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளூர் வானொலியில் யார் டிராஃப்டில் போவார்கள், யார் போகமாட்டார்கள் என்று சொல்பவர். இந்த ஊர்ப் பையன்கள் விஷயத்தில் அவர் வாக்கு பொய்த்ததேயில்லை. அவர் வாயில் பெயர் வராத பையனுக்கு அம்மாக்கள் ரகசியமாக வேறு வேலை தேடுவார்கள்.

"லூரீன், உன் அண்ணன எடுக்க மாட்டாங்கன்னு சொன்னதுக்கு இன்னும் என்மேல கோவமா?"

"அவன் ட்ரக் ஓட்டறான், மிஸ்டர் ஹோலிஸ். ஃபுட்பால் பார்க்கறதையே விட்டுட்டான்."

"நல்லதாப் போச்சு. முட்டியாவது மிஞ்சுச்சு." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "இந்தப் பையனையும் எடுக்க மாட்டாங்கன்னுதான் சொன்னேன். இப்படி ஆகும்னு..."



புதன், மதியம்.

ட்ரெமெய்னின் அம்மா வெர்னெட்டா, கேட்ஃபிஷ் ஆலையில் மீன் அறுப்பவர். வீட்டில் அழுகை இல்லை. அதுதான் லூரீனுக்குப் பயமாக இருந்தது. கதவின் பின்னால் டிராஃப்ட் நாளுக்கென்று தைத்த நீலநிறக் கோட் மாட்டியிருந்தது. காற்றில்லாமலே அதன் கை ஒன்று ஆடுவது போல் தோன்றியது.

"ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா?" என்றார் வெர்னெட்டா. "ஏதோ மருந்து போட்டுக்கிட்டானாம். உடம்பு ஏத்த. பாஸ்டர்கூட பாத்துப் பாத்துப் பேசறாரு. ஏன் பேச மாட்டாரு? இருபத்திரெண்டு வயசுப் பையன் சும்மா செத்துப் போவானா?"

"கடைசியா எப்ப பேசினான், மிஸ் வெர்னெட்டா?"

"விடியறப்ப ஃபோன்ல ரெண்டு தடவ. முதல்ல, 'அம்மா, 226தான் காட்டுது'ன்னு பதறினான். அப்புறம், '235 வந்துடுச்சும்மா, தலதான் வலிக்குது'ன்னான். சிரிச்சான்." லூரீனின் கையைப் பிடித்துக்கொண்டார். கத்தி பிடித்துக் காய்த்த கை. "அவன் போயிட்டான், எனக்குத் தெரியும். அவன் பேரையாவது எனக்குத் திருப்பிக் குடு கண்ணு. மருந்து போட்டவன்னு கல்லுல எழுதாம எழுதிப் புதைக்க விட்டுடாத."

அங்கிருந்து லூரீன் நேராகச் சவக்கிடங்குக்குப் போனாள். டாக்டர் இலைன் ஸ்டக்கி கையுறையைக் கழற்றிக்கொண்டே பேசினார்.

"முதல் சோதனையில மருந்து எதுவும் இல்ல. தண்ணிதான். அளவு மீறினதால ரத்தத்துல உப்பு நீர்த்துப் போயி மூளை வீங்கிடுச்சு. தலவலியோட ஆரம்பிச்சிருக்கும்."

"எடை?"

"243."

"அவன் அம்மாகிட்ட 235ன்னு சொல்லியிருக்கான்."

"என் தராசு சரியாத்தான் இருக்கு. தராசு சோதிக்கறவங்க நேத்துதான் வந்து பார்த்துட்டுப் போனாங்க." ஸ்டக்கி சற்றுத் தயங்கினார். "செத்தவங்க எடை கூடறதில்ல, லூரீன்."

திரும்பும் வழியெல்லாம் அந்த எட்டு பவுண்டு லூரீனின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது. 235 வந்த பிறகும் அவன் குடித்திருப்பானா? ஓடப்போகிறவன், விவரமான பையன், இலக்கைத் தொட்ட பிறகு ஒரு மிடறுகூட விழுங்கமாட்டான்.

வியாழன், காலை.

ஜாரியஸ் மெக்ளெமோர் கூடத்தின் மூலையில் குந்தியிருந்தான். ட்ரெமெய்ன் ஆடிய அதே இடத்தில் ஆடுபவன். அவனுக்கு அடுத்தவனாகவே மூன்று வருடம் ஓட்டியவன்.

"கேன் எல்லாம் நீ கொண்டு வந்ததா?"

"ஆமா மேம்."

"என்ன கலந்த?"

"ஒண்ணும் கலக்கல! நானும் அதுலதான் குடிச்சேன். பார்பர் ஷாப்ல நான்தான் கொன்னேன்னு பேசறானுங்க. நேத்து ஒருத்தன் 'வாழ்த்துகள் தம்பி'ன்னு கைகுடுக்க வர்றான்."

"ட்ரெமெய்ன் என்ன பண்ணான்?"

"ஏறி நின்னான், திட்டினான், குடிச்சான். திரும்ப ஏறினான். 'நேத்து சாயங்காலம் 234 இருந்தேண்டா, ராத்திரி அம்மா சமைச்சதெல்லாம் தின்னுட்டு 226ஆ? பேய் வந்து சதையத் தின்னுடுச்சா?'ன்னான். நான் சிரிச்சேன், மேம்." முழங்காலில் முகத்தைப் புதைத்து எடுத்தான். "ஒருவழியா 235 வந்ததும் பாத்ரூம் பக்கம் போனான். நான் வெளிய வார்ம்அப் பண்ணப் போயிட்டேன்."

"நீ ஏறி நின்னியா?"

"இல்ல. நான் ஏற்கெனவே குண்டு. எனக்குத் தண்ணி தேவையில்ல, ஓட்டந்தான் வேணும்."

லூரீன் பெட்வேயை அழைத்து இரும்புத் தட்டுகளை அந்த மேடையில் அடுக்கச் சொன்னாள். கட்டியை நகர்த்தினாள். கம்பி நேராக நின்றது. எண் மிகச் சரி. ஒரு பவுண்டுகூடப் பிசகவில்லை.

"பாத்தியா? தராசுமேல தப்பில்ல," என்றார் பெட்வே.

லூரீன் குனிந்து, கம்பியில் நகரும் பெரிய கட்டியின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பளு தூக்குபவர்கள் கையில் பூசும் வெள்ளைத் தூள் அந்தக் கூடத்தில் எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. கட்டியின் அடியிலும்தான். ஆனால் அங்கே ஒரு வட்டம் மட்டும் சுத்தமாக இருந்தது. வட்டத்தின் ஓரத்தில் பச்சை வர்ணம் கொஞ்சம் பெயர்ந்திருந்தது.

"திங்கள் சாயங்காலம் பசங்க போனதுக்கப்புறம் இங்க யாரு வந்தாங்க?"

"யாரும் இல்ல. ஹோலிஸ் இங்கேருந்து வானொலி நிகழ்ச்சி பண்ணாரு, வருஷாவருஷம் பண்றதுதான். அவர் போனதும் நான் பூட்டிட்டேன்."

"நீங்க கூடவே இருந்தீங்களா?"

"என் அறையில இருந்தேன். ஏன்?"

வியாழன், பிற்பகல்.

வானொலி நிலையத்தில் ஃபான்ச்சரின் அறைச் சுவர் முழுக்க இரும்புப் பலகை. அதில் பெயர் அட்டைகள், ஒவ்வொன்றையும் தடித்த கறுப்புக் காந்தம் ஒன்று பிடித்திருந்தது. நடுவில் சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேலே உள்ளவர்கள் போவார்கள். கீழே உள்ளவர்கள் போகமாட்டார்கள். கீழ் வரிசையின் ஓரத்தில் ஒரு காந்தம் எதையும் பிடிக்காமல் தனியாக ஒட்டியிருந்தது.

"அட்டைய எடுத்துட்டீங்களா?"

"செத்தவன் பேர் எதுக்கு அங்க? கண்ணுல பட்டுட்டே இருக்கு." அவர் கண்கள் சிவந்திருந்தன. தூங்கியதாகத் தெரியவில்லை. "ஜாரியஸ் வாய் திறந்தானா?"

"திறந்தான். அவன் கொல்லல." லூரீன் உட்காரவில்லை. "ட்ரெமெய்ன் 235 வர்ற வரைக்கும்தான் குடிச்சான். ஆனா உடம்பு 243 இருக்கு. செத்தப்புறம் யாருக்கும் எடை கூடாது. அப்படின்னா செவ்வாய் காலையில அந்தத் தராசு எட்டு பவுண்டு கம்மியாக் காட்டியிருக்கு. திங்கள் சாயங்காலம் சரியா இருந்துச்சு. இன்னிக்கும் சரியா இருக்கு."

"பழைய மிஷினு. அப்படித்தான் இருக்கும்."

"நகர்ற கட்டியில ஏதாவது கனமா ஒட்டினாப் போதும், மிஸ்டர் ஹோலிஸ். கட்டி கனத்தா ஆள் லேசாத் தெரிவான். ஒட்டவும் எடுக்கவும் ஒரு நொடி போதும். திருகாணி வேண்டாம், கத்தி வேண்டாம்."

ஃபான்ச்சரின் பார்வை சுவர்ப் பலகைக்குப் போய்த் திரும்பியது.

"முதல்ல எனக்குப் புரியல. ஸ்கவுட்டுங்கதான் தட்டு அடுக்கிச் சோதிப்பாங்களே, அவங்கள ஏமாத்த முடியாதேன்னு. அப்புறம்தான் தெரிஞ்சுது. ஏமாத்த நெனச்சது ஸ்கவுட்ட இல்ல. ட்ரெமெய்ன. எடை கொறையுதுன்னு பயந்து குடிப்பான். தண்ணி நெறைஞ்ச வயித்தோட ஓடுவான். ஸ்டாப்வாட்ச்சுல தோத்துடுவான். அதுக்குள்ள கட்டி பழையபடி ஆயிடும். இத யோசிக்க பசங்க எடைக்குத் தண்ணி குடிக்கற பழக்கம் தெரிஞ்சிருக்கணும். ஓட்டத்துல அது என்ன பண்ணும்னும் தெரிஞ்சிருக்கணும்."

"அது கோச்சுக்கும் தெரியும். ஜாரியஸுக்கும்."

"கோச்சுக்கு அவன் டிராஃப்ட்ல போகணும்னுதான் ஆசை. ஜாரியஸ் கட்டியில எதையாவது ஒட்டியிருந்தா, அத எடுக்க அவன் திரும்பி வந்திருக்கணும். எல்லாரும் பிணத்தப் பார்க்க ஓடினப்போ தராசுகிட்ட நின்னது ஒரே ஒருத்தர். கையில பிஸ்கட் பெட்டியோட."

லூரீன் கைக்குட்டையால் அந்தத் தனிக் காந்தத்தைப் பிடித்துப் பலகையிலிருந்து பிய்த்தாள். திருப்பினாள். அதன் முதுகில் வெள்ளைத் தூள். தூளுக்கு நடுவே நகக்கண் அளவுக்குப் பச்சை வர்ணம்.

ஃபான்ச்சர் பேசினார். வானொலியில் ஊரே கேட்டுப் பழகிய குரல் அல்ல அது.

"கொஞ்சம் மெதுவா ஓடணும். அவ்வளவுதான் நெனச்சேன், லூரீன். சத்தியமா. போன மாசம்தான் அவன் சரியாப் பயிற்சி பண்ண ஆரம்பிச்சான். திடீர்னு அவ்வளவு வேகம். பார்க்கவே அழகா இருந்துச்சு. எடுத்துடுவாங்களோன்னு எனக்கே தோணிடுச்சு. அதுக்குள்ள நான் சொல்லியாச்சே. இந்த ஊர்ப் பசங்க விஷயத்துல நான் ஒருதடவகூடத் தப்பினதில்ல."

"இப்பவும் தப்பல."

அவர் அடிபட்டவர் போல் நிமிர்ந்தார்.

"ராத்திரியெல்லாம் ஒலிபெருக்கி அவன் பேரச் சொல்லுது. காதப் பொத்தினாலும் கேக்குது. ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் ஒண்ணும் பண்ணாம இருந்திருந்தா... எடுத்திருப்பாங்களா?"

"அது எனக்குத் தெரியாது," என்றாள் லூரீன். "எந்திரிங்க."

வெள்ளி, மாலை.

வெர்னெட்டா நடந்ததையெல்லாம் கேட்டு முடித்தார். மேசையில் ஸ்வீட் டீ தொடாமல் இருந்தது.

"மருந்து இல்லதானே?"

"இல்ல. வெறும் தண்ணி. டாக்டர் எழுதிக் குடுத்துட்டாங்க. பாஸ்டர்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன். பார்பர் ஷாப்லயும்."

"வெறும் தண்ணி," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார் வெர்னெட்டா. அப்போதுதான் அழுதார். லூரீன் எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

காவலர்கள் காலையில் திருப்பிக் கொடுத்த ட்ரெமெய்னின் ஃபோன் அப்போது மேசைமேல் ஒலித்தது. தெரியாத எண், தூரத்து ஊர். வெர்னெட்டா முகத்தைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தார். அமைதியான அறையில் மறுமுனைக் குரல் லூரீனுக்கும் கேட்டது. இளம்பெண். அவசரமான, சிரித்த குரல். ஒரு அணியின் அலுவலகத்திலிருந்து பேசுகிறாள். அவளுக்குச் செய்தி எட்டவில்லை.

"ட்ரெமெய்ன் ஓகில்ட்ரீ வீடுதானே? நாங்க எடுக்கலாம்னு வச்சிருக்கிற பசங்களுக்கு மட்டும் கூப்பிட்டு நம்பர சரிபார்க்கறோம். டிராஃப்ட் அன்னிக்கு இதே நம்பர்ல பிடிக்கலாமா மேம்?"

லூரீன் ஃபோனுக்காகக் கையை நீட்டினாள். தான் சொல்லிவிடுகிறேன் என்பது போல. வெர்னெட்டா தலையசைத்து மறுத்தார். கதவின் பின்னால் மாட்டியிருந்த நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகச் சொன்னார்.

"ஆமாம்மா. இதுதான் என் பையன் நம்பர். எழுதிக்கோ."