பிறந்த வீட்டுக் கோடி

"என் சல்லடைய எவ எடுத்தா? மாவு சலிக்கிறதுல மண்ணச் சலிச்சா எம்புள்ள மண்ணையா திங்கும்?"

வாலிகண்டபுரத்து வீட்டில் விடிந்ததும் விடியாததுமாகச் செல்வம்மாளின் குரல் ஓங்கியது. கை நிறைய ஈரக் களிமண்ணோடு தவமலர் ஓடி வந்தாள்.

"கோவியாதேங்கோ அக்கா... என்ட சல்லடை கிழிஞ்சு போச்சுது. கழுவித் தாறன்."

"அக்காவா? நான் ஒனக்கு எந்த வூட்டு அக்கா?"

தவமலர் சல்லடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தான் செய்த மண் யானையைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கதை சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். செல்வம்மாளின் மகள், ஒன்பதாவது படிக்கும் அபிநயா, பஸ் வரைக்கும் சித்தியோடு போனாள். பெற்றவளை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

தவமலர் செல்வம்மாளின் ஓரகத்தி. இலங்கைப் போரில் உறவையெல்லாம் பறிகொடுத்து, பெரம்பலூர் அகதிகள் முகாமில் வளர்ந்தவள். அங்கே வயரிங் வேலைக்குப் போன கொழுந்தன் மணிவேல் அவளைக் கட்டிக்கொண்டு வந்தான். ஆளுயரச் சிலையும் செய்வாள், விரல் அளவு முயலும் செய்வாள். அந்த முயலை வைத்தே பிள்ளைகளுக்குப் புத்தகமும் எழுதுவாள். அவளுக்கென்று பிள்ளை இல்லை.

செல்வம்மாளுக்கு எரிந்தது அங்கேதான். புருஷன் துபாய்க்குப் போனதிலிருந்து சோளக்காட்டில் வெந்து சாவது இவள். மகள் ஒட்டிக்கொண்டு கிடப்பது அவளிடம். காய்ச்சலில் முனகும்போதுகூட "சித்தி" என்றல்லவா முனகினாள்!

மதியம் போன் வந்தது. அரியலூரில் ரோட்டைக் கடந்தவளைச் சிமெண்டு லாரி அடித்துவிட்டது.

மறுநாள் வாசலில் கிடத்தியிருந்த சித்தியின் மேல் விழுந்து அபிநயா கதறினாள். 'நான் செத்தா இப்படி அழுவாளா?' செல்வம்மாளுக்கு அந்த நினைப்பு வந்தது. வந்ததற்காக அவளே கூசிப்போனாள்.

குளிப்பாட்டி முடிந்தது. பங்காளிப் பெரியவர் பஞ்சநாதன் எழுந்தார். "பொறந்த வூட்டுக் கோடி யாருப்பா கொண்டாந்திருக்கா? அவங்க பொடவையத்தான் கடைசியாப் போத்தணும். நேரமாவுது."

"அவளுக்கு யாருமே இல்லீங்க பெரியப்பா..." மணிவேல் உடைந்தான்.

"என்ன பண்றது... அப்ப அனாதையாத்தான் தூக்கணும்."

அபிநயா வெடித்துத் திரும்பினாள். "இப்ப சந்தோஷமாம்மா? எந்த வூட்டு அக்கான்னு கேட்டியே... பஸ்ஸுக்குப் போறப்ப சித்தி என்ன சொல்லிச்சு தெரியுமா? 'அம்மாவுக்குப் பிறகு என்னை ஏச ஒருத்தரும் இருக்கேல்லை அபி. இப்ப அக்கா இருக்கிறா'ன்னு சிரிச்சிச்சும்மா!"

செல்வம்மாள் விறுவிறுவென்று உள்ளே போனாள். தன் அண்ணன் பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த, இன்னும் மடிப்புக் கலையாத அரக்குப் பட்டுப்புடவையைத் தாம்பாளத்தில் வைத்தாள். கொல்லை வழியாக இறங்கி, சுற்றிக்கொண்டு தெருமுனையில் போய்த் தனியாக நின்றாள். பிறந்த வீட்டார் வெளியிலிருந்துதான் வர வேண்டும். மேளம் எதிர்கொண்டு அழைத்து வர வேண்டும்.

"மேளத்த அனுப்புங்க! பொறந்த வூடு வந்திருக்கு!"

"என்னா கூத்தும்மா இது?" பஞ்சநாதன் பதறினார். "இந்த வூட்டு மருமவ எப்படிப் பொறந்த வூடாவ முடியும்?"

"சாவுற வரைக்கும் என்னை அக்கான்னாளே மாமா... நான் ஒரு நாளும் 'ம்'முங்கலியே! இன்னிக்காச்சும் சொல்லிக்கிறேன். நான்தான் அவளுக்குக் கூடப் பொறந்தவ!"

பஞ்சநாதன் வாய் திறக்கும் முன்பே மேளக்காரர்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தாம்பாளத்தோடு வந்தவள் பட்டைப் பிரித்துப் போர்த்தினாள். "அடியே தவமலரு... எந்திரிடி... இன்னொரு வாட்டி கூப்புடுடி..." தலையில் அடித்துக்கொண்டு சரிந்தவளை அபிநயா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "அழுவாதம்மா... அம்மா..." இருவரும் விலகாமல் அழுதார்கள்.

பதினாறாம் நாள் கருமாதியிலும் பிறந்த வீட்டு முறையைச் செல்வம்மாள்தான் செய்தாள். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

இப்போது தெருப்பிள்ளைகளுக்கு அபிநயா கதை சொல்கிறாள். "எங்க சித்தி சொல்லும்..." என்று அவள் தொடங்கும்போது, அடுப்படியில் நிற்கும் செல்வம்மாளுக்கு இன்னும் சுருக்கென்று தைக்கிறது.