புளியமரத்தடிச் செம்பு

பானை மூடியின் மேல் எப்போதும் கவிழ்ந்தே இருக்கும் தம்ளர் அன்று நிமிர்ந்திருந்தது.

தனிஸ்லாஸ் மூடியை எடுத்துப் பார்த்தார். காலையில் பாக்கியமேரி கழுத்துவரை நிரப்பி வைத்துவிட்டுத்தான் மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். இப்போது உள்ளே விரல் நனையக்கூட ஈரமில்லை. பானைக்குக் கீழே பரப்பிய மணலும் காய்ந்தே கிடந்தது, ஆகவே ஒழுகவும் இல்லை. இந்த வாரம் முழுக்க இதே கூத்துதான். "எம்புட்டுத் தண்ணிதாங்க குடிப்பீங்க? வயித்துக்குள்ள கெணறு வெட்டி வச்சிருக்கீங்களா?" என்று மனைவி கேலி செய்தபோது அவரும் சேர்ந்து சிரித்து வைத்தார். அதில் ஒரு வாய்கூடத் தான் குடிக்கவில்லை என்று சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

சித்திரை வெயில் திருநகர் முழுவதையும் வாயடைத்துப் போட்டிருந்தது. ரோட்டில் எப்போதாவது ஒரு லாரி முனகிக்கொண்டு போகும் சத்தமும், வேப்பமரத்தில் ஒற்றைக் காக்கை கரைவதும், அதற்கெல்லாம் நடுவே கொல்லைத் தகரக் கொட்டகை சூடேறி 'டிக், டிக்' என்று நெளிவதும் கேட்டன. காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் வேர்வையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வெந்த ஒரு வாடை வந்தது. கொட்டகையைப் பூட்டிய பிறகும் அது போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவர் டிரில் மாஸ்டர். பையன்களுக்கு மல்யுத்தம் சொல்லிக்கொடுத்தது அந்தக் கொட்டகையில்தான். கீழக்குயில்குடி சோணைமுத்து அவரிடம் வந்ததில் ஒரு ரத்தினம். அவனுடைய சொந்த எடைப்பிரிவில் மெட்ராஸ்காரன் ஒருவன் மலை மாதிரி நின்றான். கீழ்ப்பிரிவில் இறங்கினால் மெடல் நம் பைக்குள் என்று கணக்குப் போட்டவர் தனிஸ்லாஸ். பையன் சோற்றை நிறுத்தினான், தண்ணீரை நிறுத்தினான், புளியை வாயில் ஒதுக்கி எச்சிலைத் துப்பித் துப்பி உலர்ந்தான். அப்படியும் எடை மிஷினில் கொஞ்சம் கூடுதல் காட்டியது.

போட்டிக்கு முந்தின நாள் உச்சி வெயிலில், உரச்சாக்கின் பிளாஸ்டிக் உறையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டுச் சட்டையாக மாட்டிவிட்டார். அதன்மேல் கம்பளி. குழாயடிக்கு ஓடிவிடுவான் என்று கொட்டகைக்குள் அடைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டார். பிறகு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிலோன் ரேடியோ கேட்டுக்கொண்டே, தம்ளர் தண்ணீரை நிதானமாகக் குடித்தார்.

"சார், ஒரு வாய் சார்."

"கொஞ்ச நேரந்தான்டா. தாங்கிக்க."

கதவு தட்டும் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. பையன் தாங்கப் பழகிவிட்டான் என்று அவர் சந்தோஷப்பட்டார். இப்போது அவரைத் தூங்கவிடாமல் அறுப்பது அந்தச் சந்தோஷந்தான்.

திறந்தபோது எடை மிஷின்மேலேயே சுருண்டு கிடந்தான், மூச்சில்லை. மிஷின் கம்பி நேராக நின்றது. வேண்டிய எடை, அப்படியே.

அவர் சாக்கை உரித்து ஒளித்தார். ஆள் நடமாட்டமில்லாத ரோட்டுக்குத் தூக்கிப்போய்ப் புளியமரத்தடியில் கிடத்தி, ஓடும்போது விழுந்துவிட்டான் என்று கத்திக் கூட்டம் கூட்டினார். ஊரும் போலீசும் நம்பின.

கேட் கிறீச்சிட்டது. சோணைமுத்துவின் தாய் இருளாயி, கையில் பித்தளைச் செம்போடு நின்றாள்.

"உள்ள வாம்மா."

"இருக்கட்டும் வாத்தியாரய்யா. ஒண்ணு கேட்டுட்டுப் போயிருறேன்." செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "உசுரு பிரிஞ்ச எடத்துல கருமாதி வரைக்கும் தண்ணி வைப்போம். புள்ள வந்து குடிப்பான். புளியமரத்தடியில தெனமும் வைக்கிறேன், வச்சது வச்சபடியே இருக்கு. காக்கா கூடத் தொடல. நாளைக்குக் கருமாதி. அவன் அங்கனதான விழுந்தான்? நெசத்தச் சொல்லுங்க. தாகத்தோட போயிட்டான்னா எனக்குப் பொறுக்காதுய்யா."

உண்மை தொண்டைவரைக்கும் வந்தது. வேலை, போலீஸ், பாக்கியமேரியின் முகம் எல்லாம் கூடவே வந்தன.

"அங்கதாம்மா. என் கண்ணு முன்னாடிதான்."

"சரிய்யா. நீங்க பொய்யா சொல்லப் போறீக."

அவள் வெயிலில் இறங்கிப் போனாள். செருப்பில்லாத கால்கள். செம்பு நிறையத் தண்ணீர், ஒரு சொட்டும் சிந்தாமல்.

கேட் சாத்தியதும் கொல்லையில் தட்டும் சத்தம் கேட்டது. தகரம் நெளிகிற சத்தமில்லை. விரல் முட்டியால், மெதுவாக, அசந்துபோனவன் தட்டுவது.

தனிஸ்லாஸ் வெட்கங்கெட்டவர்தான், ஆனால் கல் இல்லை. அழுதுகொண்டே அடிகுழாயில் ஒரு குடம் பிடித்தார். தாயிடம்தான் உண்மையைச் சொல்லவில்லை, மகனின் தாகத்தையாவது தீர்த்துவிடலாம். கொட்டகைப் பூட்டைத் திறந்து, தாழ்ப்பாளை நீக்கி, உள்ளே போய் எடை மிஷின் முன்னால் குடத்தை வைத்தார்.

"குடிடா சோணை. வேணுங்கற மட்டும் குடி."

சூடு முகத்தில் அறைந்தது. காத்திருந்தார். தண்ணீர் அசையவில்லை. குறையவில்லை. எடை மிஷினில் கம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மேலே யாருமில்லை.

அவன் உள்ளே இல்லை.

பின்னால் கதவு சாத்தியது. அவசரமில்லாமல். தாழ்ப்பாள் ஏறியது.

"யாருடா அது? டேய்!"

தோளால் மோதினார். கதவு அசையவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. குடத்தைத் தூக்கி வாயில் கவிழ்த்தார். ஒன்றுமில்லை. குடம் காய்ந்திருந்தது. உள்ளே கைவிட்டுத் தடவினார். சுட்டது.

கதவுப் பலகை இடுக்கில் கண்ணை வைத்தார்.

வேப்பமர நிழல். அவருடைய நாற்காலி. கொட்டகைப் பக்கம் முதுகைக் காட்டி ஓர் உருவம். கம்பளி. அதற்குள் பிளாஸ்டிக் சரசரத்தது. கையில் வீட்டுத் தம்ளர். ஒரு மிடறு. இன்னொரு மிடறு. குடித்ததெல்லாம் சாக்குக்குள் இறங்கித் தளும்பியது. சாக்கு உப்பிக்கொண்டே வந்தது.

தட்டினார்.

"சோணை... ஒரு வாய்டா."

அது திரும்பவில்லை.

"கொஞ்ச நேரந்தான் சார். தாங்கிக்கங்க."

தம்ளர் மறுபடி வாய்க்குப் போனது.