பேர் இல்லாத எஞ்சின்

முந்தின நாள் ராத்திரி லேத் மெஷினில் சீவி எடுத்த வளையம், காலையில் எஞ்சினில் பழையபடி இருந்தது.

மாதேஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். சூடு ஆறுவதற்காகச் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக விட்டிருந்த அலுமினிய வளையங்களில் மேலே இருந்ததை அவன்தான் கடைந்து தள்ளியிருந்தான். சீவல்கள் தட்டில் சுருண்டு கிடந்தன. வளையமும் இருந்தது. வெர்னியர் வைத்துப் பார்த்தால் அதே பழைய அளவு. ராத்திரி தூக்கக் கலக்கத்தில் வேறெதையோ கடைந்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு எஞ்சினைத் திரும்ப லேத்தில் மாட்டினான்.

நாமக்கல் - திருச்செங்கோடு ரோட்டில் லாரிகளுக்கு டீசல் பம்ப் ரிப்பேர் பார்க்கிறவன் அவன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஒரு லேத் வைத்திருக்கிறான். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் குளத்தில் விட்டுப் பந்தயம் நடத்திய குட்டிப் படகுகளின் எஞ்சின்களைத் தேடிப் பிடித்து, எந்தக் கம்பெனி, எந்த வருசம் என்று கண்டுபிடித்து, வேகம் கூட்டி மறுபடி தண்ணீரில் விடுவதுதான் அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம். குடிக்கிறதுக்கு இது தேவலை என்று மனைவி அமுதவல்லியும் விட்டுவிட்டாள்.

இந்த எஞ்சினைச் சேலத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடுத்தான். உள்ளங்கைக்குள் அடங்கும். ஆனால் பேர் இல்லை, நம்பர் இல்லை, வார்த்த பட்டறையின் முத்திரைகூட இல்லை. இதே கிறுக்குப் பிடித்த எடப்பாடி கோகுல்ராஜுக்குப் படம் அனுப்பினான்.

"போல்ட்டப் பாத்தா இங்கிலீஷ்காரன் எஞ்சினாட்டம் இருக்குதுங்ணா. ஷாஃப்டப் பாத்தா அமெரிக்காக்காரன்து. எதுலயும் சேரமாட்டீங்குதுங்க," என்றான் கோகுல்ராஜ் போனில். "யாரோ ஊட்லயே செஞ்சதா இருக்கும். உட்டுப்போட்டு வேற வேலயப் பாருங்ணா."

விட முடியவில்லை. வளையங்களைச் சீவிவிட்டுப் பித்தளை உறை மாட்டி, தண்ணீரால் குளிர வைத்தால் இது பறக்கும் என்று அவனுக்குத் தெரியும். கடைந்தான். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விட்டுக் கடைந்தால் மண்ணெண்ணெய் வாடைதான் வரவேண்டும். இதிலோ நகம் கருகுகிற வாடை வந்தது. பக்கத்துக் கோழிப் பண்ணையில் எதையோ எரிக்கிறார்கள் என்று ஜன்னலைச் சாத்தினான். சாத்திய பிறகு வாடை அதிகமானது.

மறுநாள் வளையங்கள் எல்லாம் முளைத்திருந்தன. பத்து நாள் விடாமல் கடைந்தான், பத்து நாளும் முளைத்தன.

"ஏனுங்க, வளையலு கையில நிக்கமாட்டீங்குது, பாருங்க." இட்லித் தட்டோடு வந்த அமுதவல்லி கையைத் தாழ்த்தினாள். கண்ணாடி வளையல்கள் வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தன. போன மாதம் சோப்புப் போட்டுக் கழற்றிய கை அது. நாமக்கல்லில் டாக்டர் ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்றுதான் சொன்னார். எடை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. எஞ்சினைக் கேட்டாலும் பதில் இல்லை, டாக்டரைக் கேட்டாலும் பதில் இல்லை. அவனுக்கு யார் மேல் எரிந்து விழுவதென்றே தெரியவில்லை. இவள் இல்லாமல் தன்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

"நேரத்துக்குத் தின்னாத்தானே புள்ள," என்று அவள் மேலேயே எரிந்து விழுந்தான்.

அன்றைக்கு வளையங்களை விட்டுவிட்டுப் புகை வெளியேறும் வாயை அரத்தால் அகலப்படுத்தினான். பொழுது சாயும்வரை ராவினான். காலையில் வாய் குறுகிப் போயிருந்தது. ராவிய தடம்கூட இல்லை.

"கடவாப் பல்லு ஒண்ணக் காணோமுங்க," என்றாள் அமுதவல்லி. "எப்ப உழுந்துச்சுன்னே தெரியல. வலியும் இல்ல."

அவள் வாயைத் திறந்து காட்டினாள். ரத்தம் இல்லை, குழியும் இல்லை. அங்கே பல்லே முளைத்ததில்லை என்பதுபோல் ஈறு வழவழப்பாக இருந்தது. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே போகலாம் என்றான். அதற்குமேல் யோசிக்க அவன் மனம் ஒப்பவில்லை.

அன்று மாதாந்திர மின்தடை, பட்டறைகளுக்கெல்லாம் லீவு. லாரிக்குப் பாடி கட்டும் இடங்களில் சுத்தியல் சத்தம் இல்லை, போர்வெல் போடும் ரிக் வண்டிகளின் உறுமல் இல்லை. உச்சி வெயிலில் தகரம் மட்டும் விட்டுவிட்டு முறுகியது. கொட்டகைக்குள் நின்று அந்தக் கைப்பிடி அளவு உலோகத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேரும் சொல்ல மாட்டாய், மாறவும் மாட்டாய், அப்படித்தானே. வைஸின் இரும்புத் தாடைகளுக்குள் வைத்து இறுக்கினான். லேத் ஓடாவிட்டால் என்ன, ஹேக்சா ரம்பம் இருக்கிறது. குறுக்கே வைத்து அறுக்கத் தொடங்கினான்.

பிளேடு இறங்கியது. கூடவே, அதற்குப் பின்னால், அறுத்த இடம் மூடிக்கொண்டு வந்தது.

அவன் கண் முன்னாலேயே.

பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக இழுத்தான். மூடியது. இன்னும் வேகமாக இழுத்தான். மூடியது. துகள் கொட்டியது. துகளில் மினுக்கம் இல்லை. வெள்ளை. விரலில் எடுத்து நசுக்கினான். எலும்புப் பொடி.

அதே நகம் கருகுகிற வாடை.

சமையலறையில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

மாதேஸ்வரனின் கை நின்றது. வளையல். பல். தான் இதிலிருந்து எடுத்ததையெல்லாம் இது எங்கிருந்து ஈடுகட்டிக்கொண்டது என்று அவனுக்குப் புரிந்தது. பிளேடு பாதி சிலிண்டரில் இருந்தது. இழுக்க வரவில்லை. வெட்டின் இரண்டு பக்கமும் அதை நெருக்கிப் பிடித்திருந்தன. அறுத்தாலும் போச்சு. உருவினால் வெட்டு மூடிக்கொள்ள இன்னும் எடுக்கும், அப்பவும் போச்சு. இரண்டு கையாலும் பிளேடு அசையாமல் பிடித்துக்கொண்டான். வியர்வை கண்ணில் இறங்கியது.

"ஏனுங்க."

தண்ணீர்ச் சொம்போடு அமுதவல்லி வாசலில் வந்து நின்றாள். வெயில் முழுக்க அவளுக்குப் பின்னால்.

"இடுப்புல காத்துப் பூந்தாப்பல சில்லுனு இருக்குதுங்க. என்னன்னு பாருங்களே."

முந்தானையை விலக்கினாள். இடது இடுப்பிலிருந்து நடு வயிறு வரைக்கும், பிளேடு கனத்துக்கு, ஒரு வெளிச்சக் கோடு. ரத்தம் இல்லை. அந்தக் கோட்டின் வழியாக அவனுக்குக் கொல்லையில் துவைக்கிற கல் தெரிந்தது. கல்லின்மேல் சோப்பு தெரிந்தது.

வைஸில் உலோகம் மெல்ல முனகியது. கோடு இன்னும் கொஞ்சம் நீண்டது.

"அமுதா," என்றான். "அசையாத. அப்படியே நில்லு சாமி."

"மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்குது. மொதல்ல தண்ணி குடிங்க," என்றாள் அவள், சொம்பைக் கீழே வைப்பதற்காகக் குனிந்துகொண்டே.