ரெண்டு தீக்குச்சி

புயல் எச்சரிக்கை விட்டதிலிருந்து கடப்பாக்கத்துப் படகுகளெல்லாம் கரையேறிக் கவிழ்ந்து கிடந்தன. மழை விடாததால் பக்கத்து வீட்டுச் சாராள் கருவாடு காயப்போடுவதையே நிறுத்தியிருந்தாள். ஆனாலும் எஸ்.டி.டி. பூத்தைச் சாத்திவிட்டு நனைந்த புடவையோடு சாயங்காலம் வீடு திரும்பிய பிரபா தாழ்ப்பாளை நீக்கியதும், உள்ளேயிருந்து கருவாட்டு நெடி மூக்கில் ஏறியது.

செருப்பைக் கழற்றக் கை வராமல் வாசலிலேயே நின்றாள்.

அது கருவாடு இல்லை என்று அவளுக்குத் தெரியும். பிளக் பாயிண்ட் உள்ளுக்குள் சூடேறித் தீய்ந்தால் அப்படித்தான் நாறும். போன மழைக்காலத்தில் பல நாள் அந்த நெடி வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. சாராள் வீட்டு முற்றத்திலிருந்துதான் வருகிறது என்று ஜன்னலைச் சாத்தினார்கள். கடற்கரை ஊரில் வேறென்ன நினைக்கத் தோன்றும்? சாத்தச் சாத்த நெடி கூடியது. அப்போதும் யாரும் சுவரைத் தொட்டுப் பார்க்கவில்லை.

உப்புக்காற்றில் பிளக்கெல்லாம் துருப்பிடித்துப் போகும். அவள் கணவன் காசிநாதன் அதை வெட்டி எறிந்துவிட்டு, ஒயர் முனைகளைப் பல்லால் சீவி, ஓட்டைகளில் செருகி, நழுவாமலிருக்கத் தீக்குச்சிகளை வைத்து இறுக்குவான். மருந்து கிள்ளிய இன்னொரு குச்சி எந்நேரமும் அவன் பல்லிடுக்கில் நிற்கும். "பிளக்காம் பிளக்கு. ரெண்டு தீக்குச்சி போதும்டி" என்பான். அவள் பயப்படுவதைப் பார்த்தால் இன்னும் குஷியாகிவிடும். ஒயரைப் பிடித்தபடி கண்ணைச் செருகி, ஷாக் அடித்தவன்போல உடம்பை உதறிக் காட்டுவான். மகள் வைஷாலி கைதட்டிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அடிக்கடி செய்வான்.

கடைசி நாளிலும் மேசை விசிறியின் ஒயரைப் பிடித்துக்கொண்டு உதறினான். குழந்தை கைதட்டினாள்.

"போதும் நிறுத்து. சோறு ஆறிப்போவுது" என்றாள் பிரபா.

அவன் நிறுத்தவில்லை. குழந்தை சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமும் வரைக்கும் நிறுத்தவில்லை. அவன் உள்ளங்கையிலிருந்து புகை வந்த பிறகுதான் கையிலிருந்த கரண்டியை அவள் கீழே போட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டிலிருந்த அத்தனை பிளக் பாயிண்டையும் கறுப்பு டேப் ஒட்டி மூடினாள். மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் மேசை விசிறியும் பரண்மேல் ஏறின. ஒரேயொரு பல்பு மட்டும் எரிந்தது. மற்றவர்கள் பைத்தியம் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மிச்சமிருப்பது அந்தக் குழந்தை ஒன்றுதான்.

கரண்ட் போய்க் கூடம் இருண்டு கிடந்தது. சுவரைத் தடவினாள். டேப் உரிந்து தொங்கியது. ஓட்டைக்குள்ளிருந்து விரலில் ஏதோ குத்தியது.

தீக்குச்சி. ரெண்டு. நுனி நசுங்கியிருந்தது. எச்சில் ஈரம்.

அவள் பூத்திலிருந்து வரும்வரை குழந்தை சாராள் வீட்டில்தான் இருப்பாள். வேலியோரம் ஓடினாள். சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு சாராள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, கொயந்த எங்க?"

"உன் வூட்டுக்குத்தான் வந்துச்சு. நைனா கூப்புடுதுன்னு சொல்லிக்கினே ஓடியாந்துச்சு. அறியாத புள்ள, ஏதோ ஒளருது, நீதான் வந்துட்டியாங்காட்டியும்னு வுட்டுட்டேன்." சாராள் சிரித்தாள். "ஆமா, ஊரே இருட்டாக் கீது, உன் வூட்ல மட்டும் பேன் ஓடிக்கினு கீதே. இன்வெர்ட்டர் வாங்கிட்டியா மகராசி?"

பிரபா திரும்பி ஓடினாள். மீட்டர் பெட்டிக்குப் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். அதன் பீங்கான் சில்லென்று உள்ளங்கையில் அழுந்தியது. இனி ஊருக்கே கரண்ட் வந்தாலும் இந்த வீட்டுக்குள் வராது.

பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளறையில் கூரை ஒழுகித் தரையெல்லாம் தண்ணீர். அதன் நடுவே வைஷாலி உட்கார்ந்திருந்தாள். பரண்மேல் இருந்த மேசை விசிறி, ஒயர் அறுபட்டு அவளுக்கு எதிரே நின்றது. அறுத்த ஒயரின் ஒரு தலைப்பு சுவர் ஓட்டையில் தீக்குச்சியால் இறுகியிருந்தது. மறு தலைப்பில் சீவிய செப்புக் கம்பிகள். கைக்கு ஒன்றாக அவள் பிடித்திருந்தாள். பல்லிடுக்கில் ஒரு குச்சி.

"கண்ணு. அதக் கீழ போடு."

"கரண்ட் இல்லம்மா."

"இல்லாட்டியும் போடு."

"நைனா புடிச்சிக்கச் சொல்லிக்கீது. என்னிய மாதிரியே செய்வியான்னு கேட்டுது."

வெளியே தெருவிளக்கு எரிந்தது. எங்கோ பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். ஊருக்குக் கரண்ட் வந்துவிட்டது.

வீட்டுக்குள் வரவில்லை. பல்பு எரியவில்லை. பிரபா மூச்சை விட்டாள். ஃபியூஸ் கட்டை கையில் இருந்தது.

எதிரே, ஒயரில்லாத விசிறியின் இறக்கை மெல்ல அசைந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

குழந்தையின் கண் செருகியது. உடம்பு உதறத் தொடங்கியது.

"போதும் வைஷூ. நிறுத்து."

நிறுத்தவில்லை.

நடிக்கிறாள். அப்பனைப் போலவே நடிக்கிறாள். கட்டை என் கையில் இருக்கிறது. நடிப்புதான்.

கருவாட்டு நெடி.

தண்ணீருக்குள் ஓடிப்போய்க் கம்பியைப் பிடுங்கப் பார்த்தாள். பிஞ்சு விரல்கள் விடவில்லை. இரும்புபோல் இறுகியிருந்தன. சூடாக இருந்தன.

குழந்தையின் பல்லிடுக்கில், மருந்தே இல்லாத அந்தக் குச்சி தானாகப் பற்றிக்கொண்டது.

அந்த வெளிச்சத்தில் விசிறிக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவனின் கைகள் தெரிந்தன. கருகித் தோல் சுருண்ட உள்ளங்கைகள். அவை கைதட்டிக்கொண்டிருந்தன. சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவன் இருமினான்.