மஞ்சள் காதடைப்பு

படியேறி வந்த பெண் நாற்காலியில் உட்காரவில்லை.

"எங்க அண்ணன் பைக்ல விழலை மேடம். விழுந்தான்னு எல்லாரும் சொல்லுதாவ. நீங்கதான் உண்மையைக் கண்டுபிடிச்சுத் தரணும்."

ஜெயலட்சுமி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். தலைமைக் காவலர் வேலையை உதறிவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் விபத்து வழக்குகளை விசாரித்துத் தருகிறவள். எதிர் மேசையில் ரகுபதி. நைட் ஷிப்ட் ஒத்துவராமல் ஒரகடம் தொழிற்சாலையை விட்டு ஓடிவந்தவன். வேலை போனது, தூக்கம் மட்டும் திரும்பவில்லை. துப்பு என்றால் அவனுக்குப் பசி மறந்துவிடும். இப்போதும் பேனாவைத் திறந்துவிட்டான்.

பெண்ணின் பெயர் சுகப்பிரியா. திருநெல்வேலிப் பக்கம். செல்போன் தொழிற்சாலையில் வேலை, பெண்கள் விடுதியில் வாசம். அண்ணன் அருள்பாண்டி ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. நேற்றுப் பகலில் அவனுக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, அவசரமாக அறுத்து மண்ணீரலை எடுத்திருக்கிறார்கள்.

"பைக்ல விழலைன்னு எப்படிச் சொல்ற?"

"அவன் கம்பெனி பஸ்ல போறவன் மேடம். காலைல உள்ள போனா, ஷிப்ட் முடியாம கேட்டைத் தாண்ட விடமாட்டாவ. பென்னலூர் ரோட்டுல விழுந்தான்கறாவ, மத்தியானம் அங்க அவனுக்கு என்ன வேலை? கம்பெனிக்குள்ள அடிபட்டதுன்னா வைத்தியம், வேலை எல்லாம் அவங்க பொறுப்பு. ரோட்டுல விழுந்தான்னா நாளைக்கே வேண்டாம்னுருவாவ. வெயிட்டு தூக்காதேன்னு டாக்டர் சொல்லியாச்சு. வேற எவன் வேலை குடுப்பான்?"

"பைக்ல விழுந்தான்னு உனக்கு யாரு சொன்னது?"

"நம்பிராஜன். அண்ணனோட சேக்காளி, அதே கம்பெனில ட்ரெய்னி." என்றவள் தொடர்ந்தாள். "தை மாசம் எனக்கும் அவுகளுக்கும் கல்யாணம்."

ஜெயலட்சுமி அவளைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஆப்பிள் பையோடு கம்பெனி எச்.ஆர். பாண்டுரங்கன். பக்கத்தில் நம்பிராஜன்; நேற்று அணிந்த யூனிஃபார்ம் சட்டை இன்னும் உடம்பில் இருந்தது, கண்கள் சிவந்திருந்தன.

"அருள் என் வண்டியை வாங்கிட்டுப் போனான் மேடம். வளைவுல சறுக்கிட்டு" என்றான், கேட்பதற்கு முன்பே.

நர்ஸ் நோயாளியின் உடைமைகள் இருந்த பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆபரேஷனுக்கு முன் வெட்டி எடுத்த அரைஞாண் கயிறு, பேன்ட், ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை. சட்டையில் ஒரு கிழிசல் இல்லை, தார் இல்லை, தூசி இல்லை. சுகப்பிரியா அதை எடுத்து, மெதுவாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

பையின் அடியில் பஞ்சுபோல மஞ்சளாய் இரண்டு சிறு உருண்டைகள்.

"அதுவா? அவரு காதுல இருந்துச்சுக்கா" என்றாள் நர்ஸ். "மயக்க ஊசிக்கு முன்னாடி சாப்ட்டியா சாப்ட்டியான்னு கத்துறோம், மனுஷன் முழிக்கிறாரு. காது கேக்காதவருன்னே நெனச்சோம்."

"காயம் எங்கெங்க கீது?" என்று கேட்டாள் ஜெயலட்சுமி.

"விலாவுல பட்டையா ஒரு கன்னிப்பு. முதுகுல அதே உசரத்துல இன்னொண்ணு. கை காலுல ஒரு சிராய்ப்பு கூட இல்லை."

வாசலில் ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்தது. "தம்பி, வழியில நிக்கிறது உன் வண்டிதானே? நவுத்து" என்றாள் ஜெயலட்சுமி. நம்பிராஜன் பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டான். சிவப்பு வில்லை கோத்த ஒரு தட்டைச் சாவி வந்தது. சட்டென்று உள்ளே திணித்துவிட்டு வேறு சாவியை எடுத்தான். வண்டியின் இரண்டு கண்ணாடிகளும் வெயிலில் மின்னின. ரகுபதி எல்லாவற்றையும் பார்த்தான். எதையும் எதோடும் சேர்க்கத் தெரியவில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு வந்தவனை ஜெயலட்சுமி வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னாள். சுகப்பிரியா எதிரே உட்கார்ந்தாள். பாண்டுரங்கன் தூணில் சாய்ந்து, செல்போனைப் பார்ப்பதுபோல நின்றான்.

"உன் வண்டி விழவே இல்லப்பா" என்று ஆரம்பித்தாள் ஜெயலட்சுமி. குரல் உயரவில்லை. "விழுந்த வண்டிக்கு கண்ணாடி இவ்ளோ அழகா இருக்காது. விழுந்தவன் முழங்கைல தோலும் இருக்காது. முன்னாடியும் பின்னாடியும் ஒரே உசரத்துல கன்னிப்போவணும்னா, ரெண்டு பொருளுக்கு நடுவுல மாட்டி நசுங்கணும். இன்னொண்ணு, பைக்ல போறவன் காதுல அடைப்பு எதுக்கு?"

நம்பிராஜன் தலை குனிந்தான்.

"மெஷின் சத்தத்துக்குக் குடுக்கறது அது. கம்பெனி சட்டையைக் கழட்டினீங்க, வேற சட்டை மாட்டினீங்க. காதை மறந்துட்டீங்க. தினம் அதைக் காதுல வெச்சுக்கினே ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பாக்கறவங்க நீங்க. உங்க கண்ணுக்கு அது மூக்கு மாதிரி, காது மாதிரி. வெளியாளுக்குத்தான் தெரியும்."

"மேடம், அப்ப அந்தச் சட்டை?" ரகுபதியால் பொறுக்க முடியவில்லை.

"பஸ்ல வர்ற காண்ட்ராக்ட் ஆளு யூனிஃபார்மோடயே வருவான். மாத்துத் துணி இருக்காது. பைக்ல வர்றவன்தான் உள்ள போயி மாத்துவான். யாரு சட்டைம்மா அது?"

"நான் எடுத்துக் குடுத்தது" என்றாள் சுகப்பிரியா. "பொங்கலுக்கு. இவுகளுக்கு."

"சட்டை குடுத்தவன் உதவி பண்ணவனா இருக்கலாம், நசுக்கினவன் யாருன்னு சாவிதான் சொல்லும். ரகுபதி, கம்பெனில சரக்கு தூக்கற ஃபோர்க்லிஃப்ட்ட நிறுத்தினா சாவிய இன்னா பண்ணுவாங்க?"

"ஓட்டினவரே எடுத்துட்டுப் போய் ஸ்டோர் பலகையில மாட்டணும் மேடம். வேற ஆள் தொடக் கூடாது."

"நம்பி, பாக்கெட்ல கீற சிவப்பு வில்லை சாவிய எடு."

அவன் எடுத்துப் பெஞ்சில் வைத்தான்.

"எனக்கு லைசென்ஸ் கெடையாது மேடம். டிரைவர் லீவு. லோடு நிக்குது, லைன் நின்னுரும், ஏறி ஓட்டுலேன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. பின்னால எடுத்தேன். அருள் சரக்கு ரேக்குப் பக்கத்துல குனிஞ்சிருந்தான். நான் கத்துனது அவனுக்குக் கேக்கலை." முகத்தைத் துடைத்தான். "பைக்குன்னு சொன்னா அடுத்த மாசம் பெர்மனென்ட், உண்மையைச் சொன்னா உன் மேலதான் கேஸுன்னு கம்பெனில சொன்னாவ. பெர்மனென்ட் ஆனாத்தான் பொண்ணுன்னு உங்கப்பாதானே சொன்னாவ, பிரியா?"

சுகப்பிரியா சட்டையை எடுத்து ஜெயலட்சுமியின் கையில் கொடுத்தாள்.

"கேஸு எழுதச் சொல்லுங்க மேடம். இனி இவருக்கு நான் சட்டை எடுக்கமாட்டேன்."

ரகுபதி பேனாவை மூடினான். எல்லாம் பூட்டும் சாவியுமாகப் பொருந்திவிட்டது. அப்போதுதான் தூணைப் பார்த்தான். பாண்டுரங்கன் அங்கே இல்லை. காதடைப்பைப் பற்றி மேடம் விளக்கும்போது அவன் நழுவுவதைத் தான் பார்த்தது நினைவுக்கு வந்தது. கதை கேட்கிற ருசியில் அதைப் பொருட்படுத்தவில்லை.

வார்டுக் கதவு திறந்தது. வாக்குமூலம் எழுதிய காகிதத்தோடு போலீஸ்காரர் வந்தார், பின்னாலேயே பாண்டுரங்கன். கையில் ஆப்பிள் பை இல்லை.

"இன்னா ஜெயா, வேலைய வுட்டாலும் கேஸ வுடமாட்டியா?" போலீஸ்காரர் சிரித்தார். "ரோடு ஆக்ஸிடென்ட்தான். பேஷன்ட்டே வாயால சொல்லிட்டாரு. கையெழுத்தும் ஆச்சு."

"இதெல்லாம் ஸ்டேஷனுக்குக் கொண்டாறேன்" என்று ஜெயலட்சுமி சட்டையையும் சாவியையும் பைக்குள் போட்டாள்.

"கொண்டா. அடிபட்டவனே இல்லைன்றான், நீ இன்னா பண்ணுவே?"

ஜெயலட்சுமி பையை மூடினாள், மறுபடி திறந்தாள். மேடம் தடுமாறி ரகுபதி பார்ப்பது இதுதான் முதல்முறை.

சுகப்பிரியா உள்ளே ஓடினாள். ரகுபதி வாசலோடு நின்றான். மூக்கில் குழாயோடு படுத்திருந்த அருள்பாண்டி தங்கையைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தான்.

"ஏட்டி, அழாத. அந்த கம்பெனி சார் எல்லாம் சொன்னாரு. நான் வாயைத் திறந்தா மாப்ளை ஜெயிலுக்குப் போவானாம். விடுவனா? பைக்ல விழுந்தேன்னு சொல்லிட்டேன். உன் கல்யாணம் நிக்காது."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் சட்டைதான் எனக்காகப் போச்சு" என்றான் அருள்பாண்டி. "நல்லதா வேற ஒண்ணு எடுத்துக் குடு, என்ன?"

"எடுக்கேன்ணே" என்றாள்.